கம்ப்யூட்டர் பார்த்த பொருத்தம்

மகனே,

உன் சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் இந்தக் காகிதங்களை வைக்கிறேன். குழம்பு பட்டிருந்தால் பொறுத்துக்கொள். ஒரே வீட்டில் இருக்கும் அம்மா எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் இரண்டு அறைகள். இரண்டிலும் அப்பா இருக்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட்டும் எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அதன் நன்மை தீமைகளை யோசித்துச் சொல்லும்படி அவர் என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். ஆளைச் சரியாகத்தான் பிடித்தார். எண்பதுகளின் நடுவிலிருந்து தாம்பரத்துப் பள்ளியில் ஒவ்வொரு அரையாண்டுத் தேர்வுக்கும் 'கணிப்பொறியின் நன்மை தீமைகள்' கட்டுரையைத் திருத்தித் திருத்திக் கண் போனவள் நான். கம்ப்யூட்டரைப் படத்தில்கூடப் பார்க்காத பிள்ளைகள் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். அதைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த நான் மதிப்பெண் போட்டேன். முடிவுரையில் தீமைகளைத் தள்ளி நன்மைகளைக் கொள்வோமாக என்று இருந்தால் இரண்டு மதிப்பெண் கூடுதல். எப்படித் தள்ளுவது என்று எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு பள்ளிக்கே ஒன்று வந்தது. அதற்கென ஓர் அறை ஒதுக்கி, ஏசி வைத்து, தலைமையாசிரியர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போனோம். உறையைத் தூக்கிக் காட்டினார்கள், பார்த்தோம், மறு பக்கமாக வெளியே வந்தோம். விபூதி கொடுக்காததுதான் குறை. ஆயுத பூஜைக்கு அந்தக் குறையும் தீர்ந்தது. அடுத்த வருடம் கட்டுரைகள் கொஞ்சம் மாறின. கணிப்பொறி மிகவும் குளிர்ச்சியானது என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள்.

இண்டர்நெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இன்னும் குறைவு. மேற்குத் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் திறந்த புதிதில் எங்கள் இருவரையும் நீ அழைத்துப் போனாயே, அந்த ஒரு மணி நேரம்தான் என் அனுபவம். "உலகமே இதுல இருக்குன்னியே, தாம்பரத்தக் காட்டு" என்றார் அப்பா. நீ எதையோ தட்டினாய். ஒரு படம் மேலிருந்து கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. முதலில் வானம் வந்தது. வெகு நேரம் வானமே வந்தது. கடைசியில் அது வேறு ஏதோ தேசத்தில் ஒரு ஓட்டல் விளம்பரம் என்று தெரிந்தது. "பீச் ஸ்டேஷன்லேருந்து ரயில்ல வந்தாலே இதவிடச் சீக்கிரம் தாம்பரம் வந்துடும்டா" என்றார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் எதிர் வீட்டுக்காரரிடம் உலகத்தையே பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு எதிர் வீட்டில் இண்டர்நெட் வந்தது. அது போன் லைன் வழியாகத்தான் வருமாம், அன்றிலிருந்து அவர்கள் போன் எப்போதும் என்கேஜ்டு. அவர்களுடைய உறவுக்காரர்கள் இப்போது அவசரச் செய்திகளை நம் போனில் சொல்கிறார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். தகவல் தொடர்பில் என் பங்கு அது.

இதெல்லாம் சில்லறை. இனி எழுதப்போவதுதான் நான் நேரில் பார்த்த நன்மையும் தீமையும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சுமதியை உனக்கு ஆபீசில் வெகு நாளாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். உன் நண்பனின் அம்மா தற்செயலாகக் கொண்டுவந்த வரன் போல அவளை எங்களுக்கு அறிமுகம் செய்தாய். நானும் தற்செயலாகவே மகிழ்ந்தேன். அனகாபுத்தூர், சொந்த வீடு, சின்னதாக ஒரு கடை, ஒரே பெண். எல்லாம் சரியாக வந்தது. நட்சத்திரத்தில்தான் இடித்தது. நீ அஸ்தம், அவள் திருவோணம். அப்பா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டும் கழுத்து ரஜ்ஜு. ஒரே ரஜ்ஜுல கட்டக் கூடாது. கழுத்துன்னா பொண்ணு தங்காது" என்றார். இருபத்தேழு நட்சத்திரங்களை ஐந்து கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளையும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் விழுந்தால் ஆபத்து. யாருக்கு ஆபத்து என்பது கூட்டத்தைப் பொறுத்தது. அன்றைக்கு நீ, "ஜாதகமெல்லாம் யார் இந்தக் காலத்துல நம்பறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட்டுடன் வந்தாய். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளக் காகிதம். ஜாதக சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்தது, சும்மா போட்டுப் பார்த்தேன் என்றாய். அதன்படி நீ அஸ்தம் இல்லை, சித்திரை. அப்பாவின் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருப்பாய். சித்திரை தலை ரஜ்ஜு, திருவோணம் கழுத்து ரஜ்ஜு, இடிப்பு நீங்கிவிட்டது. அவர் அதோடு நிற்கவில்லை.

"இத்தன வருஷமா தப்பான நட்சத்திரத்துக்கு அர்ச்சன பண்ணியிருக்கோம் பாரு. அதான் அந்த எண்ட்ரன்ஸ்ல அவனுக்கு வரல."

"படிக்கலன்னு அன்னிக்குச் சொன்னீங்க."

"ஏன் படிக்கலன்னு இப்பத்தானே தெரியுது!"

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் மேல் உள்ள பக்தி நீ அறிந்ததுதான். ஒரு தனியார் பஸ் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த டிக்கெட்டில் அவர் பெயருக்கு முன் 'திருமதி' என்று விழுந்திருந்தது. கை எழுத்தாக இருந்திருந்தால் அந்த கிளார்க்கை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். கம்ப்யூட்டர் என்றதும், "ஏதாவது காரணம் இருக்கும்" என்று பெண்கள் வரிசையில் உட்கார்ந்து மதுரை வரை வந்தார். அப்படிப்பட்டவரிடம் நீ அந்தக் காகிதத்தை நீட்டினாய்.

நானும் வாங்கிப் பார்த்தேன். பிறந்த நேரம் ஏழு மணி, பிஎம் என்று இருந்தது. நீ பிறந்தது காலை ஏழு மணிக்கு. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்; அந்த இடத்தில் நான் இருந்தேன். உன் கம்ப்யூட்டர் ஒரே ஒரு எழுத்தை மாற்றி என்னை மேலும் பன்னிரண்டு மணி நேரம் வலியில் கிடக்க விட்டிருந்தது. அப்பா அப்போது வெளியூர் வேலையில் இருந்தவர், தந்தி பார்த்து மறுநாள் வந்தவர். "காலையிலன்னுதானே சொன்ன?" என்று கேட்டார். "மயக்கமா இருந்தது, சரியா ஞாபகம் இல்ல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இருக்கு." பெற்றவளின் சாட்சியம் அன்றைக்குத் தள்ளுபடியானது. நீ என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இரண்டாவது தடவை ரசம் கேட்டாய்.

அப்பாவுக்கு அது போதவில்லை. இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய் முறையாகப் பொருத்தம் பார்த்து அச்சடித்து வாங்கிவிட வேண்டும் என்றார். குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டில் மாடியில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் ஜோதிட மையத்துக்குப் போனோம். நீ ஆபீஸ் வேலை என்று நழுவினாய். சுமதிக்கும் அதே ஆபீஸ் வேலைதான். அவள் அப்பா கடையை விட்டு வர முடியவில்லை என்று அவள் அம்மா மட்டும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் காகிதத்தையும் அவர்கள் காகிதத்தையும் வாங்கித் தட்டினார். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று இழுத்தது. அப்பா கை கட்டி நின்றார்.

"இன்னா சார், ரஜ்ஜு அடிக்குதே. ரெண்டும் தல ரஜ்ஜு."

"எப்படி? பொண்ணு திருவோணம் இல்ல?"

"இதுல அவிட்டம்னு கீது சார். நான் இன்னா பண்றது? பையன் சித்திர, பொண்ணு அவிட்டம். ரெண்டும் தல. தலன்னா மாப்ளைக்கு ஆவாது."

அப்பா சுமதியின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல போட்டா அவிட்டம்னு வந்துதுங்க. பொண்ணுதான் ஆபீசுல போட்டு எடுத்தாந்துது" என்றார். குரல் இறங்கியிருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவரும் எழுந்தார். மாடிப்படியில், கீழே பஸ்கள் போகும் இரைச்சலில் நின்றோம்.

"டீச்சர், உங்க புள்ள சாயங்காலமா பொறந்துது?"

"அந்தப் பேப்பர்படி சாயங்காலம். உங்க பொண்ணு?"

"பேப்பர்படி சாயங்காலம்."

"நிஜப்படி?"

"காத்தால. எட்டு மணி சைரன் ஊதும்போது" என்றவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினார். "இன்னா டீச்சர் இது, ரெண்டும் சொல்லி வெச்சா மாரி ஒரே வேலயப் பண்ணி வெச்சிருக்குதுங்க. ஆனா சொல்லி வெக்கல பாருங்க."

சொல்லி வைத்திருந்தால் ஒரு சங்கடமும் இல்லை. நீ அவளைக் காப்பாற்ற உன் நேரத்தை மாற்றினாய். அவள் தன்னைக் காப்பாற்றி உன்னை அடைய அவள் நேரத்தை மாற்றினாள். இருவரும் அவரவர் நட்சத்திரத்திலிருந்து ஒரு நட்சத்திரம் முன்னால் நகர்ந்து, மறுபடியும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டீர்கள். முன்பு ஆபத்து அவளுக்கு இருந்தது. இப்போது உனக்கு வந்திருந்தது. கம்ப்யூட்டரால் அடைந்த முன்னேற்றம் அதுதான். ஜாதகத்தை நம்பவே நம்ப மாட்டேன் என்று நீங்கள் ஒருவருக்கொருவர் பெருமை பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசிய வாயால் 'நான் மாற்றிவிட்டேன்' என்று எப்படிச் சொல்வது? ஆளுக்கொரு மானிட்டர் முன்னால் தனித்தனியாக உட்கார்ந்து திருட்டுத்தனம் செய்திருக்கிறீர்கள். இதையே ஊர் ஜோசியரிடம் செய்திருந்தால் அவரும் தயங்காமல் மாற்றிக் கொடுத்திருப்பார். அவரிடம் எனக்கு மரியாதை ஒன்றும் கிடையாது. ஆனால் நீ போய் நின்றதும், "நேத்துதான் அந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சு, உன்னோடதத் தொடாத" என்று சொல்லியிருப்பார். கம்ப்யூட்டருக்கு ரகசியம் காக்கத் தெரிகிறது. இதை நன்மையில் எழுதுவதா, தீமையில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

படியில் நின்றபடியே கணக்குப் போட்டோம். இரண்டு பேரும் உண்மையைச் சொன்னால் பழைய கழுத்து ரஜ்ஜு. இரண்டு பேரும் பொய்யிலேயே நின்றால் புதிய தலை ரஜ்ஜு. ஒருவர் உண்மையும் ஒருவர் பொய்யும் சொன்னால்தான் பொருத்தம். யாருடைய பொய் நிற்பது என்பதுதான் மிச்சம். "எங்களுது அப்டியே இருக்கட்டும் டீச்சர். நீங்க பாடம் சொல்லிக் குடுக்குறவங்க, பொய் சொல்ல வாய் வராது. நீங்க போயி நெசத்தச் சொல்லிடுங்க" என்றார் அந்த அம்மாள். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆசிரியைகள் ஓய்வறையில் இத்தனை வருடம் உட்கார்ந்து நான் கற்றது ஒன்று உண்டு. பெண் பக்கத்துப் பொய் ஒருநாள் வெளியே வந்தால், அந்த வீட்டில் மிக்ஸி கெட்டுப் போனாலும் அவள் ஜாதகம்தான் காரணம். மாமியார், நாத்தனார், புருஷன், எல்லாரும் முறைவைத்து எடுத்துச் சொல்வார்கள். நானும் அந்த வரிசையில் நிற்க மாட்டேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மாமியாராக நான் இன்னும் இருந்து பார்த்ததில்லை. பிள்ளை பக்கத்துப் பொய் வெளியே வந்தாலோ, "கெட்டிக்காரன், மாத்திட்டான் பாரு" என்று சிரித்துவிட்டு மோர் கேட்பார்கள். அதனால், "நீங்க உள்ள போயி நெசத்தச் சொல்லுங்க. பொய் எங்க பக்கம் இருக்கட்டும்" என்றேன். அவர் என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு உள்ளே போனார்.

"எம் பொண்ணு காத்தாலதான் பொறந்துது. இதுல மாத்தி அடிச்சிருக்குது" என்றார்.

"ஏஎம்மு பிஎம்மு மாறிக்கும்மா, சகஜம்" என்றார் அந்த ஆள், மறுபடி தட்டிக்கொண்டே.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?"

"அது பண்ணாது சார். குடுக்கறவங்க பண்ணுவாங்க."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்ப நம்ம பையனோடதும் அப்படி மாறியிருக்குமோ? நல்லா யோசிச்சுச் சொல்லு. நீதானே பெத்த. காலையிலயா, சாயங்காலமா?" உன்னைப் பெற்ற இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் முதல் தடவையாக உண்மையாகவே கேட்டார். கம்ப்யூட்டருக்கு அடுத்தபடியாக என்னைச் சாட்சி என்று அவர் மதித்த நேரம் பார்த்து நான் பொய் சொன்னேன். "சாயங்காலம்தான். வெளக்கு வெக்கற நேரம். இப்ப நல்லா ஞாபகம் வருது." அவர் அப்படியே நம்பினார். பிரிண்டர் கிரீச்சிட்டது. பொருத்தம் வந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கீழே வந்து எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். உன் கம்ப்யூட்டரின் ஆகப் பெரிய நன்மை என்று நான் கண்டது இதுதான்: மனிதர்கள் செய்வதன் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே நீ அதை வீட்டுக்கு வாங்கலாம். அப்பாவிடமும் அப்படியே சொல்லிவிடுகிறேன், காரணத்தை மட்டும் விட்டுவிட்டு.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நானும் சுமதியின் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்போம். நேற்று அந்த அம்மாள் போன் செய்தார். அப்பா கறிகாய் வாங்கப் போயிருந்த நேரம். தன் காகிதத்தை அம்மா திருத்திவிட்டு வந்தது சுமதிக்குத் தெரியும். உன் காகிதம் பொய் என்பது தெரியாது. அவள் அம்மா சொல்லவில்லை; உன் அப்பா காதுக்குப் போய்விடக் கூடாது, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று படியில் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆக, உன்னுடையது உண்மையாகவே சித்திரை என்றும், தான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே எல்லாம் தானாகப் பொருந்தியிருக்கும் என்றும் நினைத்து அவள் குன்றிப்போயிருக்கிறாள். "அவரு ஜாதகத்தயே நம்பாதவரு. நாந்தான் போர்ஜரி பண்ணிட்டு நிக்கறேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அந்த வூட்டுக்குப் போவேன்? அவராண்ட சொல்லிட்டு நிறுத்திடலாம்மா" என்கிறாளாம். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். உன்னிடம் மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நீயும் அதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி தேடிக்கொண்டிருக்கிறாய்.

நான் போய்ச் சொல்லலாம். சொன்னால் அது மாமியார் காட்டும் பெருந்தன்மையாகிவிடும். அவளுக்கு அது இன்னொரு சுமை. அவள் அம்மா சொன்னால் தேற்றுவதற்காகச் சொல்வதாக எடுத்துக்கொள்வாள். நீதான் சொல்ல வேண்டும். 'நானும் மாற்றினேன், உன்னுடையதைத் திருத்தி ஆயிற்று, என்னுடையது இன்னும் பொய்யாகவே நிற்கிறது, நம் இருவரில் இப்போது போர்ஜரி நான்தான்' என்று சொல். அலங்காரம் வேண்டாம். அவளுக்காகச் செய்ததாகத் தியாகமாக்கிப் பேசாதே. பயந்துபோய்ச் செய்தேன் என்று சொல், அதுதான் உண்மை. நீங்கள் இருவரும் நாள் முழுக்க ஈமெயில் அனுப்பிக்கொள்வீர்கள் என்று கேள்வி. இதை அதில் எழுதாதே. நீ எழுதியதைப் படிக்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று உன் திரையில் வராது.

இப்போது சாப்பாட்டு வேளை. இந்தக் காகிதங்களை மடித்து வைத்துவிட்டு எழுந்து அவள் இருக்கும் இடத்துக்குப் போ. டப்பாவில் இருவருக்கும் போதுமான அளவு வைத்திருக்கிறேன். நீ சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தால் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கலாம். அழுதாலும் கொடுக்கலாம். ஒன்றும் பேசாமல் திரும்பி வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள் என்றால் நம் வீட்டுக்குப் போன் செய். நான் பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில்தான் இருக்கிறேன். புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி வருகிறேன்.

அம்மா